சாலையில் உட்கார்ந்தவர்களும் கேப்டன் ஞானராஜும்

"அந்த ஏரோப்ளேனைக் கவுத்தாரே, தாபோடிக்காரர், அவர் இன்னிக்குக் காலையில போயிட்டாராம். உங்களுக்குச் சொல்லணும்னு தோணிச்சு."

இப்படித்தான் எனக்குச் செய்தி வந்தது. அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டவர் நம் தமிழ்ச் சங்கத்துப் பொருளாளர். நல்ல மனிதர், யார் வீட்டு நல்லது கெட்டதுக்கும் முதல் ஆளாகப் போய் நிற்பவர். அவர் மனதில் எந்தக் கள்ளமும் இல்லை. கேப்டன் ஞானராஜ் என்று சொன்னால் பூனாத் தமிழர்களில் பாதிப் பேருக்கு யார் என்று விளங்காது, ஏரோப்ளேனைக் கவிழ்த்தவர் என்றால் உடனே விளங்கிவிடும். பஞ்ச காலத்திலிருந்து இன்றுவரை அதுதான் அவருக்கு அடையாளம். நான் ரிசீவரைப் பிடித்தபடி, "கவுக்கல. இறக்கினார்" என்றேன். "என்னது?" என்றார் அவர். "ஒண்ணுமில்ல. எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அன்றைக்கு அந்த விமானத்தில் அவரோடு இருந்தவள் நான். அந்த ஒரு தகுதியில்தான் இதை எழுதுகிறேன். அவர் உயிரோடிருந்தால் எழுதவிட மாட்டார். "ஏன் புள்ள, முடிஞ்சுபோனதக் கிண்டுத?" என்று கேட்டிருப்பார். கேட்டுக்கொள்ளட்டும். இத்தனை காலமும் இந்த விஷயத்தில் அவர் சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருந்தேன், இந்த ஒரு தடவை கேட்கப்போவதில்லை.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவருடைய தகப்பனார் பாளையங்கோட்டையிலிருந்து ராணுவ அலுவலகத்தில் எழுத்தராக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். இவர் பிறந்ததே இங்கே கிர்க்கியில். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் மராத்தி, கோபம் வந்தால் ஹிந்தி. எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கிருந்த விமானப் பயிற்சி கிளப் ஒன்றில் ஆசிரியராக இருந்தார். ஒல்லியான ஆள், காதோரம் மட்டும் நரைத்திருந்தது. விமானத்தில் ஏறுமுன் அதைச் சுற்றி வந்து, சந்தையில் மாடு வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு இடமாக உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பார். பறக்கிற நாளில் காலையில் டீகூடக் குடிக்க மாட்டார். ஏன் என்று கேட்டால், "மேல போனப்புறம் ஓரமா நிறுத்த முடியாதுல்லா" என்பார்.

நான் அப்போது பாசன சர்வே அலுவலகம் ஒன்றில் வரைபடம் போடுகிற வேலையில் இருந்தேன். மழை பொய்த்து, கிழக்கே கிராமம் கிராமமாக வறண்டுகொண்டிருந்த வருஷங்கள் அவை. எந்த ஏரியில் தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்று மேலே இருந்து பார்த்து வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கிளப்பின் சிறிய விமானத்தை வாடகைக்கு எடுத்தார்கள். போகவேண்டிய எங்கள் அதிகாரிக்கு மாடிப்படி ஏறினாலே தலை சுற்றும். அதனால் என்னை அனுப்பினார்கள்.

கேப்டன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மிஸ், இந்தச் சேலையோட ஏறிருவீங்களா?"

"முதல்ல நீங்க ஏறுங்க. நான் ஏறுறேனா இல்லையான்னு அப்புறம் பாக்கலாம்" என்றேன்.

நான் மதுரைக்காரி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் சத்தமாகச் சிரித்தார். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

பல நாள் பறந்தோம். என் வேலைக்குத் தேவைப்பட்டதைவிடத் தாழ்வாகத்தான் அவர் ஓட்டுவார். ஒரு தடவை கேட்டேன், எதற்கு இப்படி மரத்தை உரசுகிற மாதிரிப் போகிறீர்கள் என்று. "மேல போயிட்டா சனம் எறும்பு மாதிரி தெரியுதுன்னு எல்லாரும் சொல்லுதாங்க. எறும்பாத் தெரியிற உயரத்துல போனா எறும்பாத்தான் தெரியும்" என்றார். அப்போது எனக்கு அது சாதாரணப் பேச்சாகத்தான் பட்டது.

கீழே எங்கு பார்த்தாலும் நிவாரண வேலை நடந்துகொண்டிருந்தது. விதைக்க வழியில்லாத சனங்களுக்கு அரசாங்கம் கல் உடைக்கும் வேலை கொடுத்திருந்தது. ஆண்கள் உடைப்பார்கள், பெண்கள் இரும்புச் சட்டியில் ஜல்லியைச் சுமந்து கொண்டுபோய்ப் புதுச் சாலையில் கொட்டுவார்கள். அலுவலக ஜீப்பில் போனபோது நானே ஒரு தளத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பெரிய அதிகாரி தலை எண்ண வருகிறார் என்றால், மேஸ்திரி விசில் ஊதுவார். எல்லோரும் எங்கிருந்தாலும் ஓடிவந்து சாலையில் வரிசை வரிசையாகக் குந்தி உட்கார வேண்டும், சட்டியை முன்னால் வைத்துக்கொண்டு. உட்கார்ந்தவர்களைத்தான் எண்ணுவார்கள். நிற்பவர், ஓரமாகப் போனவர், மர நிழலில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பவள், இவர்கள் யாரும் கணக்கில் வரமாட்டார்கள். எண்ணிக்கை குறைந்தால் தளத்தையே மூடிவிடுவார்கள். மூடினால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் உலை ஏறாது.

அன்றைக்கு வெயில் ஏறிய நேரம். ஒரு காய்ந்த ஏரியைக் குறித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். எண்ணெய் கருகுகிற வாடை வந்தது. எஞ்சின் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. முன்னால் சுற்றிக்கொண்டிருந்த விசிறி ஒரு கட்டையாகக் குறுக்கே நின்றது. அதற்கப்புறம் காற்றின் சத்தம் மட்டும்தான். மடியிலிருந்த வரைபடத்தையும் பென்சிலையும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கீழே பார்த்தார். புதிதாகப் போட்ட ஒரு நிவாரணச் சாலை, செம்மண் நிறத்தில், நேராக, வண்டி வாகனம் எதுவுமில்லாமல் கிடந்தது. இன்னும் யாருக்கும் திறந்துவிடாத சாலை. சுற்றிலும் பள்ளமும் பாறையும்தான். "ஆண்டவர் நமக்குன்னே போட்டு வச்சிருக்கார் பாருங்க" என்றார். "பெல்ட்ட இறுக்கிக்கோங்க. தலையக் குனிஞ்சு முட்டியோட வச்சுக்கோங்க. நான் சொல்லுத வரைக்கும் நிமிரக் கூடாது."

நான் குனியவில்லை. எங்கே விழப்போகிறோம் என்று பார்க்காமல் எப்படி இருப்பது?

அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். சாலை நெருங்கி வந்தது. அவர் கோடு போட்டதுபோல நேராக இறக்கிக்கொண்டிருந்தார். அப்போது சாலையின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். விலகி ஓடுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் சாலைக்குள் ஓடி வந்தார்கள். தலையில் சட்டியோடு பெண்கள், முண்டாசு கட்டிய ஆண்கள், சின்னப் பிள்ளைகள். வந்தவர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்தார்கள். சட்டியை முன்னால் வைத்தார்கள். நாங்கள் வரும் திசையைப் பார்த்து அசையாமல் இருந்தார்கள்.

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. தலை எண்ண அதிகாரி வரப்போகிறார் என்று அவர்களுக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார்கள். ஜீப்பில் வருவார் என்று எதிர்பார்த்திருந்தார்கள். இப்போது ஆகாசத்தில் வருகிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

விமானத்தில் ஹாரன் கிடையாது. கேப்டன் பக்கக் கண்ணாடியைத் திறந்து "ஹட்டோ, ஹட்டோ" என்று, விலகச் சொல்லி ஹிந்தியில் கத்தினார். யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு குழந்தை மட்டும் எழுந்து நின்று எங்களைப் பார்த்துக் கையாட்டியது. பக்கத்திலிருந்த பெண் அதன் கையைப் பிடித்து இழுத்து மறுபடி உட்கார வைத்தாள். எண்ணும்போது எழுந்தால் கணக்கு தப்பிவிடும் அல்லவா?

அவர் வலது பக்கம் திருப்பினார். வலது பக்கம் உடைத்த கல் குவியல் குவியலாகக் கிடந்தது. வலது பக்க இருக்கையில் இருந்தவள் நான்.

அந்தச் சனங்கள்தான் ஓடிவந்து எங்கள் இருவரையும் வெளியே இழுத்துப் போட்டார்கள். ஒரு பெண் தன் சேலைத் தலைப்பைக் கிழித்து என் காலில் கட்டினாள். நெற்றியில் பச்சை குத்திய முகம். அதற்குமேல் எனக்கு நினைவில்லை.

பூனாவில் ஆஸ்பத்திரியில் கண் விழித்தேன். காலை எடுக்க வேண்டியதில்லை, ஆனால் முழங்கால் இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். கேப்டனுக்கு விலா எலும்பு முறிந்திருந்தது. நடக்க முடிந்த முதல் நாளே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வார்டுக்கு வந்து என் கட்டிலருகே உட்கார்ந்தார். அதுவரை என்னை மிஸ், நீங்க என்று பேசியவர், அன்றைக்குத்தான் முதன்முதலாக நீ என்று பேசினார்.

"சரோஜா, என்கொயரிக்கு ஆள் வருவாங்க. உன்கிட்ட கேட்டா, தலையக் குனிஞ்சிருந்தேன், ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிரு."

"நான் குனியவே இல்லையே சார்."

"அது எனக்குத் தெரியும். சொன்ன பேச்சு கேக்கிற ஆளா நீ? ஆனா அவங்களுக்குத் தெரியாதுல்லா."

"எதுக்கு நான் பொய் சொல்லணும்?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "அந்த ரோட்டு மேஸ்திரி நேத்து வந்தான். முண்டாசக் கையில வச்சுக்கிட்டு நின்னு அழுதான். ஏற்கெனவே அந்த வேலைய மூடுததுக்குச் சாக்கு தேடுதாங்களாம். சனம் ரோட்டுல வந்து உக்காந்ததாலதான் ப்ளேன் விழுந்துச்சுன்னு எழுதிட்டாங்கன்னா, மறுநாளே மூடிருவாங்க. மழை வார வரைக்கும் அவங்களுக்கு வேற கஞ்சி கிடையாது. நாங்க எல்லாரும் மேட்டுல கல் உடைச்சிட்டு இருந்தோம்னு போலீஸ்ல சொல்லிட்டானாம். அது அப்படியே இருக்கட்டும்."

"அப்ப உங்க லைசென்ஸ்?"

"அது எனக்கு ஒருத்தனுக்குத்தான போவும்?"

"என் கால்?"

என் காலில் இருந்த மாவுக்கட்டைப் பார்த்தபடியே இருந்தார். நர்ஸ் வந்து அவரைத் திட்டி அனுப்பினாள்.

விசாரணையில் அவரிடம் கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான். நல்ல சாலை, நேரான சாலை, காய்ந்த சாலை. கடைசி நேரத்தில் அதை விட்டுவிட்டு ஏன் கல் குவியலுக்குள் போனீர்கள்? "தூரத்தைத் தப்பாகக் கணித்துவிட்டேன்" என்று ஒரே வரியில் சொன்னார். என்னைக் கேட்டார்கள். நான் தலையைக் குனிந்திருந்ததாகச் சொன்னேன். அந்தப் பொய்க்காக இன்றைக்கும் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. ஆனால் என் கோபம் மட்டும் அடங்கவில்லை. அத்தனை பேர் உயிருக்காகப் போன கால் என்றால் தூக்கிச் சுமக்கலாம். ஒருவரின் கணக்குப் பிசகில் போன கால் என்று ஊரெல்லாம் பேசும்போது, அதை எப்படிச் சுமப்பது? பார்க்க வருகிறவர்கள் எல்லாம், "பாவம், யாரோ செஞ்ச தப்புக்கு நீ கஷ்டப்படற" என்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டு தலையாட்ட வேண்டும். நான், வாயை மூடிக்கொண்டு!

அவருடைய உரிமம் போயிற்று. கிளப்பிலிருந்து விலகச் சொன்னார்கள். குடித்திருந்தார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. கண் காது மூக்கு வைத்து அது நம் ஆட்களுக்குள்ளேயே சுற்றி வந்தது. டீகூடக் குடிக்காமல் விமானம் ஏறிய மனிதரைப் பற்றி இப்படி. அவர் போசரியில் ஒரு தொழிற்சாலையில் லாரிகளையும் தொழிலாளர் பஸ்ஸையும் கவனிக்கிற வேலைக்குச் சேர்ந்தார். தலைக்கு மேலே விமானம் போனால் நிமிர்ந்து பார்க்க மாட்டார். ஆனால் அது போய் முடிகிற வரைக்கும் பேச்சு நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவரும் கிரேஸ் அக்காவும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வருவார்கள். கிரேஸ் அக்கா அவருடைய மனைவி, பள்ளிக்கூட ஆசிரியை. எனக்காக ஏதாவது பலகாரம் செய்து எடுத்து வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அடுப்படியில் என் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது, நான் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"சார், ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லணும். வலது பக்கம் திருப்பினா என் பக்கந்தான் இடிக்கும்னு உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்துல என்னை ஒரு ஆளா எண்ணினீங்களா?"

வேறு யாராவது இருந்தால், எண்ணாமல் இருப்பேனா, உன்னையும் காப்பாற்றத்தான் பார்த்தேன் என்று ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார்கள். அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"இல்ல புள்ள. எண்ணல. அந்தப் பிள்ள எந்திரிச்சு நின்னுச்சுல்லா, அதப் பாத்தேன். கை தானாத் திருப்பிட்டு. நீ பக்கத்துல இருக்கேங்கிற நெனப்பே வரல. என்னயும் எண்ணல."

உண்மையைச் சொல் என்று கேட்டவள் நான்தான். சொன்னதும் தாங்க முடியவில்லை. "இனிமே இங்க வராதீங்க" என்றேன். அவர் எழுந்து அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். வெளியே கிளம்பாத ஸ்கூட்டரை அவர் பலமுறை உதைப்பது கேட்டது.

ஒரு வருஷத்துக்கு மேல் பேசவில்லை. கிரேஸ் அக்கா மட்டும் வந்துபோவார். என்ன சண்டை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பஞ்சமெல்லாம் தீர்ந்து, நிவாரண வேலைகள் முடிந்து, எல்லோரும் மறந்துபோன பிறகு, நானே அவர் தொழிற்சாலைக்குப் போனேன். கேட்டில் வந்து நின்றார். "என்னை அந்த ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவங்ககிட்ட நான் சொல்லணும். நீங்க உக்காந்ததுனாலதான் இவருக்கு வேலை போச்சு, எனக்குக் கால் போச்சுன்னு அவங்க தெரிஞ்சுக்கணும்" என்றேன். மறுப்பார் என்று நினைத்து, பதிலுக்குச் சண்டை போடத் தயாராகப் போயிருந்தேன். அவர், "சரி. நீயே சொல்லு. நான் தடுக்க மாட்டேன். இனி யாருக்கும் கூலி போவாது" என்றார்.

அரசாங்க எஸ்.டி. பஸ்ஸில் போய், அப்புறம் மாட்டுவண்டியில் போனோம். அந்தச் சாலை எங்கேயும் போய்ச் சேராமல் பாதியில் நின்றிருந்தது. மேலே புல் முளைத்திருந்தது. வலது பக்கத்தில் அதே கல் குவியல்கள், எடுப்பாரில்லாமல் அப்படியே கிடந்தன. பார்த்ததும் என் முழங்கால் வலித்தது. இடது பக்கம் ஒரு பெரிய கருவேல மரம்.

வண்டிச் சத்தம் கேட்டு ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முன்னால் வந்தவளின் நெற்றியில் பச்சை. என்னைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், அடையாளம் கண்டுகொண்டு இரண்டு கையாலும் என் கன்னத்தைத் தடவித் தன் நெற்றிப்பொட்டில் விரலை மடக்கி நெரித்தாள். பெயர் கங்குபாயி. பின்னால் திரும்பி மற்றவர்களிடம் மராத்தியில் உரக்கச் சொன்னாள்: "எண்ண வந்த அம்மா. நம்மை எண்ணிட்டுப் போனாங்களே, அந்த அம்மா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. விமானத்தில் வந்த அதிகாரி நான்தான் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். என் மடியில் வரைபடம் இருந்தது, கையில் பென்சில் இருந்தது, அதைப் பார்த்திருக்கிறார்கள். காற்று அடித்து விமானத்தைக் கல்லில் தள்ளிவிட்டதாம். அடிபட்டும் அந்த அம்மா சரியாகக் கணக்குக் கொடுத்தாளாம். அதனால்தான் மழை வருகிறவரை வேலையை மூடவில்லையாம். பக்கத்துத் தளங்களை எல்லாம் மூடினார்கள், எங்கள் தளத்தை மூடவில்லை என்றாள். அப்புறம் அந்தக் கருவேல மரத்தைக் காட்டினாள். அன்றைக்கு அதன் கிளைகளில்தான் தொட்டில்கள் கட்டியிருந்தார்களாம், கைக்குழந்தைகளை எல்லாம் அதில் போட்டுவிட்டுத்தான் சாலைக்கு ஓடிவந்து உட்கார்ந்தார்களாம். காற்று அந்தப் பக்கம் தள்ளாமல் இந்தப் பக்கம் தள்ளியது கடவுள் செயல் என்றாள்.

நான் கேப்டனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் காலால் ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார். இடது பக்கம் ஏன் திருப்பவில்லை என்று நான் கேட்டதே இல்லை. அவரும் சொன்னதே இல்லை.

கங்குபாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மோஜ்லந்த் நா ஆம்ஹாலா, பாயி? எங்களை எண்ணினீங்கதானே?"

சொல்ல வேண்டியதை எல்லாம் மராத்தியில் வாக்கியமாக்கி, பஸ் முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். அவள் பின்னால் ஒரு சிறுமி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையாட்டிய குழந்தை அவள்தானா, வேறு யாருமா, எனக்குத் தெரியாது.

"எண்ணினேன்" என்றேன். "எல்லாரையும். ஒருத்தரையும் விடல."

கங்குபாயி அழுதாள். நானும்தான். சோளரொட்டியும் பச்சை மிளகாய் அரைத்ததும் கொடுத்தார்கள். அவர்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட, எனக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு பெட்டியைக் கொண்டுவந்து போட்டார்கள், காலை நீட்டிக்கொள்ள.

திரும்பும்போது பஸ்ஸில் கேப்டன் நிலக்கடலை வாங்கி உரித்து உரித்து என் கையில் வைத்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் கேட்டார், "நெசமாவே அன்னைக்கு எண்ணினியா?"

"எண்ண எங்க சார் நேரம்?"

விபத்துக்குப் பிறகு முதன்முறையாக அவர் அந்தப் பழைய சத்தமான சிரிப்பைச் சிரித்தார். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்று, வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "எனக்குப் பறக்கணும் போல இருக்கு சரோஜா" என்றார். என் கையிலிருந்த கடலையில் பாதியை அவர் கையில் வைத்தேன். அந்த ஒரு தடவைதான் அவர் வாயிலிருந்து அது வந்தது. இனி அது நடக்காது என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

அதற்கப்புறம் ஊரில் யாராவது ஏரோப்ளேன் கதையை எடுத்தால் நானும் அவரைப்போலவே பேச்சை மாற்றிவிடுவேன். உண்மையைச் சொன்னால் சுற்றிச் சுற்றி ஒரு நாள் அது கங்குபாயியின் காதுக்குப் போகும். அவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் உட்கார்ந்தார்கள், அது ஒரு மனிதரின் வாழ்க்கையைக் குலைத்தது என்று இனிமேல் தெரிந்து அவர்களுக்கு என்ன லாபம்? அப்படி நினைத்துத்தான் இருந்தேன். ஆனால் அவர் பெயர் சேற்றில் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாமா என்று வரும். இது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை.

அவர் போன அன்று தாபோடி வீட்டுக்குப் போனேன். கிரேஸ் அக்கா என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். "அவரு தப்பு செய்யல்லன்னு எனக்குத் தெரியும் சரோஜா. என்ன நடந்துச்சுன்னுதான் தெரியாது. அவரு வாயால வரட்டும்னு இவ்வளவு காலமும் காத்திருந்தேன். இனி எங்க வர? நீயாவது சொல்லு" என்றார். கட்டின மனைவியிடம்கூடச் சொல்லவில்லை அந்த மனிதர். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். "கிறுக்கு மனுசன்" என்றார். அப்புறம், "எழுது. நம்ம ஆளுங்க படிக்கட்டும்" என்றார். அதனால் எழுதுகிறேன். தமிழில் எழுதுவது அந்த ஊருக்குப் போய்ச் சேராது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் தயவுசெய்து மராத்தியில் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் அதிகமில்லை. போதகர் ஜெபித்தார். பின்னால் யாரோ யாரிடமோ, "இவர்தான அந்த..." என்று தொடங்கி, நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்தினார்கள். எல்லோரும் ஒரு பிடி மண் போட்டுவிட்டு நின்றார்கள். நானும் போட்டேன். பிறகு பக்கத்தில் இருந்த இரண்டு பெண்களின் தோளைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, மடங்காத காலை நீட்டியபடி தரையில் உட்கார்ந்தேன். விபத்துக்குப் பிறகு நான் தரையில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"என்னம்மா, தலை சுத்துதா? நாற்காலி கொண்டாரச் சொல்லவா?" என்று ஒருவர் ஓடிவந்தார். வேண்டாம் என்றேன்.

கேப்டன் சார், அன்றைக்கு என்னை எண்ணவில்லை என்று உங்களோடு சண்டை போட்டவள் நான். உங்கள் கையால் உயிர் பிழைத்தவர்களில் நானும் ஒருத்தி என்று ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை காலம் ஆயிற்று. இதோ, உங்கள் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். எண்ணிக்கொள்ளுங்கள்.